எங்கள் போர்வெல் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கெமிக்கல் இன்ஜினியரிங் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்பல்லில் குறுக்கே பழுப்புக் கோடு. சில பெண்பிள்ளைகள் துப்பட்டா நுனியால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். பாறையிலிருந்து கரைந்து போர்வெல் தண்ணீரில் சேரும் ஃபுளூரைடு செய்த வேலை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டிப்படும்.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபின் நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர்தான்.

ஃபுளூரைடைப் பிரிப்பது பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகளைக் கிடைத்தவரை படிக்கிறேன். பலவற்றில், காய்ச்சி வடித்த நீரில் சோடியம் ஃபுளூரைடைக் கரைத்து, குடுவையில் குலுக்கிப் பார்த்துவிட்டு முடித்துவிடுகிறீர்கள். எங்கள் தண்ணீரில் பைகார்பனேட்டும் சிலிக்காவும் சேர்ந்தல்லவா வருகின்றன! ஃபுளூரைடைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா நன்றாக வேலை செய்வது பி.எச். 5.5 வாக்கில், அதாவது லேசான அமிலத்தில். பைகார்பனேட் அந்த அளவுக்கு இறங்கவிடாது. குடுவையில் பிடித்த அளவை இங்கே பிடிக்காது.

எங்கள் பள்ளியிலும் அலுமினா நிரப்பிய டிரம் ஒன்று வைத்தார்கள். சில மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒருநாள் சோதனைக் கிட்டில் ஊற்றிப் பார்த்தேன். ரோஸ் நிறம் நிற்காமல் மஞ்சளாகிவிட்டது, ஃபுளூரைடு தப்பி வருகிறது என்று அர்த்தம். ருசியில் எந்த வித்தியாசமும் இல்லை, அதனால் பிள்ளைகள் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எத்தனை நாளாகக் குடித்தார்களோ என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. நிரம்பிப்போன அலுமினாவைக் காஸ்டிக் சோடாவில் கழுவி மீட்டெடுக்க வேண்டிய நேரம் அது. வைத்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். எங்கள் தண்ணீரையே அலுமினா நிரப்பிய குழாயில் தொடர்ந்து ஓட்டுங்கள். எத்தனை குடத்துக்குப் பிறகு ஃபுளூரைடு தப்பி வருகிறது, பத்து முறை கழுவிய பிறகும் அதே அளவு பிடிக்கிறதா என்று பாருங்கள். கழுவிய நீரை என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதில் பிடித்த ஃபுளூரைடு முழுவதும் இருக்கும். பள்ளிக்குப் பின்னால் கொட்டினால் அதே போருக்குத்தான் இறங்கும்.

தண்ணீர் பிடித்து அனுப்ப நான் தயார், மாணவர்களும் தயார். அந்த டிரம் இன்னும் வராந்தா மூலையில் நிற்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்,
தர்மபுரி மாவட்டம்