பிரஷர் மாத்திரை ரத்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கவர்மென்ட் ஆஸ்பத்திரி பிரஷர் மாத்திரையில் பவரே இல்லை' என்று குரோம்பேட்டையில் காலை நடைக்கு வரும் பெரியவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். மருந்து கம்பெனிகளுக்காக ரத்த மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதில் வாதாட என்ன இருக்கிறது? அளந்தே பார்த்துவிடலாம்.

அம்லோடிபைன் என்ற பிரஷர் மாத்திரையை 5 மி.கி. விழுங்கினால் 6 முதல் 12 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். அப்போதும் ஒரு மில்லி பிளாஸ்மாவில் (ரத்த அணுக்களை நீக்கிய நீர்ப்பகுதியில்) சுமார் 3 நானோகிராம்தான். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 36 மில்லிகிராம் கரைத்த கணக்கு. அதிலும் 93 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் பிளாஸ்மாவை நேரே மெஷினில் விட முடியாது. அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றினால் புரதம் திரிந்து அடியில் தங்கிவிடும். சுலபமான வழி. ஆனால் பாஸ்போலிபிட் என்ற கொழுப்பும் மருந்தோடு வந்து, மூலக்கூறுகளை எடை பார்த்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மெஷினில் மருந்தின் சிக்னலை அமுக்கும். காரம் சேர்த்துக் கரைப்பானில் குலுக்கி எடுத்தால் இன்னும் சுத்தமாக வரும். அம்லோடிபைன் சமர்த்தாகக் கரைப்பானுக்கு வந்துவிடும்; கூடவே டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால்தான் தலைவலி. அந்தக் காரத்தில் அது தண்ணீரை விட்டு அசையாது. இரண்டுக்கும் பொதுவான ஒரு பி.எச். (அமில-கார அளவு) பிடிப்பதில்தான் கைத்திறமை. வழியில் மருந்து கொஞ்சம் வீணாகுமே என்று கவலைப்பட வேண்டாம். டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் ஏற்றிய அதே மருந்தைத் தெரிந்த அளவில் முதலிலேயே சேர்த்துவிடுவோம். இரண்டும் ஒரே விகிதத்தில் குறையும், கணக்கு தப்பாது.

விலை குறைந்த மாத்திரை அசலுக்குச் சமமா என்று தீர்மானிப்பதும் இந்த அளவை வைத்துத்தான். ரத்த அளவுகளின் விகிதம், நம்பக எல்லையோடு (கணக்கில் வரக்கூடிய ஏற்ற இறக்கத்தோடு) சேர்த்து, 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். கம்பெனிக்குப் பயன்படும் இந்தச் சோதனை நோயாளிக்கு ஏன் கூடாது? வலிப்பு மாத்திரைக்கும் லித்தியத்துக்கும் ரத்த அளவு பார்ப்பது வழக்கத்தில் உள்ளதுதானே.

இந்தச் சோதனையை எல்லோருக்கும் செய்யச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அப்படி வாங்குகிறவர்களில், மூன்று வகை மாத்திரை எழுதியும் பிரஷர் 140க்குக் கீழே இறங்காதவர்களுக்கு, நான்காவதை எழுதும் முன் ஒரு முறை பார்க்கலாம். மருந்து ரத்தத்தில் போதுமான அளவு இருந்தால் உப்பையும் சிறுநீரகத்தையும் தூக்கத்தையும் விசாரிக்கலாம். இல்லையென்றால் அவர் கையிலுள்ள மாத்திரையையே பொடித்து அளந்து பார்க்கலாம். மாத்திரை சரியாக இருந்தால், அவர் அதைச் சாப்பிடுகிறாரா என்று திட்டாமல் கேட்க வேண்டும். கால் வீக்கத்துக்குப் பயந்து அம்லோடிபைனை நிறுத்திவிட்டு, டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு.

முதலில் ஒரே ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் சுகாதாரத் துறை இதைத் தொடங்கட்டும். ஆனால் ரத்தம் எடுக்கும் நர்ஸ், கடைசி மாத்திரை எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குழாயின் மேல் எழுத வேண்டும். அம்லோடிபைன் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நேரம் எழுதாத குழாயிலிருந்து வரும் எண்ணை வைத்து எந்த டாக்டரும் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்துப் பகுப்பாய்வாளர்,
குரோம்பேட்டை, சென்னை.