‘எந்நேரமும் குளிக்கலாம்’ என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் அம்பாசமுத்திரம் பக்கத்து ஆற்றங்கரை விடுதிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 4 அறை, முன்னால் மாமரம், பின்வாசலைத் திறந்தால் தாமிரபரணி. பெயர் போடாவிட்டாலும் எங்கள் வீடு எங்களுக்குத் தெரியாதா? “குடும்பமே நடத்துவதால் கெடுபிடி கிடையாது, எந்நேரமும் ஆற்றில் குளிக்கலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்” என்று அதில் ஒரு வரி.

கண்டுகொள்ளாமல்தான் என் மாமனார் 76 வயதில் தினமும் சாயங்காலம் படித்துறையில் நாற்காலி போட்டு உட்காருகிறார்! காற்று வாங்க அல்ல. மேலே பாபநாசம் அணையில் தண்ணீரைக் கூட்டித் திறந்தால், இங்கே முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும். 143 அடி அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று தினமும் அச்சிடுகிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கமும் ஞாயிறு மலரும் பேசிக்கொள்வதில்லை போலும்.

நேற்று முன்தினம் இரவு பத்தரை மணிக்கு 6 பேர் துண்டோடு ஆற்றில் இறங்கப் போனார்கள். மறித்த மாமாவிடம், “பேப்பர்லயே போட்டிருக்கு, நீ யாரு பெரிசு?” என்றான் ஒரு தம்பி. கையில் உங்கள் மலர். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

2023 டிசம்பர் 17 ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை நாடே அறியும். எங்கள் வீட்டில் ஆறு பின்வாசல் வழியாக வந்து அடுப்படியைப் பார்த்துவிட்டுப் போனது. தங்கியிருந்த 11 பேரையும் பக்கத்து மாடி வீட்டுக்கு ஏற்றி, 2 நாள் கஞ்சி காய்ச்சி ஊற்றினோம். ஒருவரிடமும் வாடகை வாங்கவில்லை. உங்கள் நிருபரைக் கூப்பிட்டோம். “உயிர்ச்சேதம் உண்டா?” என்றார். இல்லை என்றோம். போனை வைத்துவிட்டார்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடுகிற வேட்டி, சேலைகளைப் பற்றி நான் எழுதிய 3 கடிதங்களும் இன்னும் உங்கள் மேஜையில்தான் இருக்கும். ஆடி அமாவாசை கழிந்தால் எங்கள் படித்துறையில் ஒதுங்கும் துணி ஒரு குட்டியானை வண்டி நிறையத் தேறும். என் வீட்டுக்காரர்தான் கழி போட்டு இழுக்கிறார். இடமில்லாமல் என் கடிதங்களைப் போடாமல் விட்டிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் அத்தை வைத்த சொதியைச் சாப்பிட்டுவிட்டு அதைத் ‘தேங்காய்ப்பால் ஸ்டூ’ என்று எழுத இடம் இருந்திருக்கிறது. திருநெல்வேலிக்காரர்களிடம் இதைப் படித்துக் காட்டினீர்களா?

கேட்பது ஒரே ஒரு திருத்தம். “குளிக்க காலை 6 முதல் மாலை 5 வரை மட்டும்; வீட்டாரிடம் சொல்லிவிட்டு இறங்கவும்” என்று அடுத்த ஞாயிறு போட்டால் போதும். பொடி எழுத்தானாலும் சரி. மாமா அதை வெட்டி படித்துறைச் சுவரில் ஒட்டிக்கொள்வதாகச் சொல்கிறார். பேப்பரில் போட்டால்தானே இப்போது கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
21 வருடமாகத் தங்கள் சந்தாதாரர்,
அம்பாசமுத்திரம்