வள்ளிக்கு, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து

அன்பு மகள் வள்ளிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நலம். உங்கள் இருவர் நலமறிய ஆவல். ஒசாகாவிலிருந்து நான் திரும்பி 26 நாளாகிறது. வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொன்னதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாய். அதோடு சரி. போன் அடித்தால் எடுப்பதில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டால் "வேலை அதிகம் மாமா" என்கிறார். நீ மட்டும் கோஹெச்சி மலைப்பாதையில் நடக்கப்போவதாக அவர்தான் வாய் தவறிச் சொன்னார்.

அது வேண்டாம் தாயி. கோயாசான் மலையிலிருந்து ஹோங்கூ கோயில் வரைக்கும் 70 கிலோமீட்டர். 1,000 மீட்டருக்கு மேல் மூன்று கணவாய் தாண்ட வேண்டும். மார்கழியில் அங்கே பனி கொட்டும் என்று நீயேதான் சொன்னாய். தனியாகப் போகாதே.

சித்தப்பா வீட்டுப் பால்காய்ப்பு நல்லபடியாக முடிந்தது. அங்கேயும் உன் பேச்சுதான். என் மகள் ஜப்பான்காரர்களிடம் அவர்கள் பாஷையிலேயே வழி கேட்டு என்னை மலையெல்லாம் கூட்டிப்போனாள் என்று சொல்லச் சொல்ல எனக்கு அலுக்கவில்லை. நாச்சி அருவி 133 மீட்டர் உயரம், கீழே உள்ள கோயிலில் கர்ப்பக்கிரகமே கிடையாது, அருவிதான் சாமி என்றதும் அத்தை உட்கார்ந்த இடத்திலேயே கும்பிட்டாள்.

அந்தப் படகையும் சொன்னேன். நாச்சிக் கடற்கரைப் பக்கம் ஃபுதராகுசான்ஜி கோயிலில் மாதிரி செய்து வைத்திருந்தார்களே. கன்னோன் தெய்வம் இருக்கும் பொதலக மலையைத் தேடி, துறவிகளை அறைக்குள் வைத்து, கதவை அடைத்து, தெற்குக் கடலில் விட்டுவிடுவார்களாம். அந்தப் பொதலகம் நம்ம பொதிகைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. தினமும் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மலையைப் பார்க்கிறேன். இதைத் தேடியா அத்தனை பேர் போனார்கள் என்று இருக்கிறது.

தைமோன்சகா படிக்கட்டின் கீழே 800 வருஷத்துப் புருஷன் பெண்டாட்டி மரம் இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்திப் படம் எடுத்தாய். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய். நான் மேலே கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கோயாசானில் ஓகுனோயின் கல்லறைக் காட்டுக்குள் கோபோ தைஷி என்ற துறவி 835ஆம் வருஷத்திலிருந்து தியானத்தில் இருக்கிறார் என்று இன்றைக்கும் தினம் இரண்டு வேளை சாப்பாடு கொண்டுபோகிறார்கள். நீ மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன் என்கிறாய். மலைக்கும் தனியாகப் போகாதே.

அந்த ஓகுனோயினில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு ஊர் காட்டத்தான் கூட்டிப்போகிறாய் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெரிய மரங்களுக்கு அடியில், குழந்தைகளைக் காக்கும் ஜிசோ சாமியின், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சிலை முன்னால் நின்றாய். பையிலிருந்து சிவப்புத் துணி எடுத்து அதன் கழுத்தில் கட்டினாய். ஓரமெல்லாம் சங்கிலித் தையல், உன் அம்மா சொல்லிக்கொடுத்தது. வீட்டிலேயே தைத்து எடுத்து வந்திருக்கிறாய். பிறகு ஆற்றங்கரையில் வரிசையாக இருந்த சிலைகளுக்கு எல்லாரும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிவிட்டு நகர்ந்தார்கள். நீ ஊற்றிக்கொண்டே இருந்தாய். நான் திரும்பி மரத்தைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

அப்படித் திரும்பி நிற்பது எனக்குப் பழக்கம். 1987இல், நீ பிறப்பதற்கு முன்னால், உன் அம்மாவுக்கு ஏழாம் மாதத்தில் போனது உனக்குத் தெரியும். மூன்றாம் நாள் நான் ஷிப்டுக்குப் போய்விட்டேன். அது உனக்குத் தெரியாது. "எங்கே வைத்தீர்கள்" என்று அவள் கேட்டாள். அதைத் தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்றேன். ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதத்திலும் கேட்டாள். அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள் என்று பயந்தேன். சொல்லாததால் முப்பது வருஷம் தனியாக அழுதாள்.

ஆற்றுக்கு மேலே, மருதமரத்தடியில். நானும் சித்தப்பாவும்தான் வைத்தோம். நேற்றுப் போனேன். மரம் இல்லை, வேர்க்கட்டை இருக்கிறது. சொம்பில் தண்ணீர் மொண்டு, நீ ஊற்றினது மாதிரியே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நீ வரும்போது இடத்தைக் காட்டுகிறேன். அந்தப் பாதையில் நடந்தே ஆகவேண்டும் என்றால் பனி தீரட்டும். சித்திரையில் நான் வருகிறேன். முழங்கால் ஒத்துழைக்கும், மெதுவாக நடப்போம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். பேச வேண்டாம். எடுத்துக் காதில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா