பெயரை மட்டும் மாற்றிய பயோடேட்டா

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி வேலைவாய்ப்பு முகாமில் நூற்றுக்கணக்கானோர் குவிந்ததாகப் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். அந்தப் பிள்ளைகள் கையில் பிடித்திருக்கும் ஃபைலுக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடலூர் மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரிக்கு எதிரே பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடையில் நிற்க இடம் இருக்காது. முதலில் வருகிற பையன் உட்கார்ந்து ஒரு பயோடேட்டா அடிக்கச் சொல்வான், பின்னால் வருகிற இருபது பேரும் "அண்ணா, அதே ஃபைல்ல பேரை மட்டும் மாத்திக் குடுங்க" என்பார்கள். பெயர், அப்பா பெயர், மார்க், போன் நம்பர் மாறும். பொழுதுபோக்கு மட்டும் எல்லாருக்கும் கிரிக்கெட்டும் புத்தகமும்தான். ஒருமுறை அவசரத்தில் ஒரு பெண்ணின் தாளில் 'ஆண்' என்றே போய்விட்டது, இன்டர்வியூவில் கேட்டுச் சிரித்தார்களாம். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருடம் படித்த இடத்தில் அந்தத் தாளை வாங்கிப் பார்க்க ஓர் ஆள் இல்லையா?

கல்லூரியில் பிளேஸ்மென்ட் செல், அதாவது வேலைவாய்ப்புப் பிரிவு என்று போர்டு தொங்குகிறது. பொறுப்பாளர், பாடமும் நடத்தி, பேப்பரும் திருத்தி, தேர்தல் வேலைக்கும் போய்வரும் ஒரு பேராசிரியர். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. இதற்கென்றே முழு நேரமாக ஒருவரைப் போட வேண்டும் என்பதுதான் நான் கேட்பது, அதுவும் முதலாம் ஆண்டிலிருந்தே பிள்ளைகளோடு பேசுகிற ஒருவர்.

பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. என்.எல்.சி. நிறுவனம் பி.காம்., பி.சி.ஏ. படித்தவர்களைக்கூட ஒரு வருட அப்ரெண்டிஸாக, அதாவது உதவித்தொகை கொடுத்து வேலை பழக்க, எடுக்கிறது. அதற்கு மத்திய அரசின் அப்ரெண்டிஸ் தளத்தில் முதலில் பதிவு செய்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் கடைசித் தேதியன்று மதியம் என் கடைக்கு வந்துதான் முதல்முதலாகப் பதிவு செய்யவே உட்காருவார்கள். ஓ.டி.பி. அப்பா போனுக்குப் போகும், அப்பா வயலில் இருப்பார். சின்னக் கம்பெனிகளும் இப்படி ஆள் எடுக்கலாம், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. இதைச் சுற்றுவட்டாரக் கம்பெனிகளிடம் போய்ச் சொல்லி நாலு இடம் வாங்கித் தருவது கல்லூரியின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை?

தமிழக அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது, கல்லூரிகளில் திறன் படிப்புகள் நடக்கின்றன. ஆனால் சான்றிதழ் பிரிண்ட் எடுக்க வருகிறவனிடம் "என்னப்பா படிச்ச?" என்று கேட்டால், தாளைப் பார்த்துத்தான் சொல்கிறான். எல்லாரும் அப்படி இல்லை, சரி. ஆனாலும் இந்தப் படிப்பு எந்த வேலைக்கு உதவும் என்று உட்கார வைத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது இன்னொரு பேப்பர்தான்.

அப்புறம் ஒன்று. இங்கே கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இப்போது சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையின் லேபில் இருக்கும் பையன் போன மாதம் ஆதார் நகல் எடுக்க வந்தான். கடையில் நின்ற மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நைட் ஷிப்ட் எப்படி இருக்கும், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும், இன்டர்வியூவில் டைட்ரேஷன் என்கிற லேப் சோதனையைச் செய்து காட்டச் சொல்வார்களா என்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், டீ ஆறிப்போனது. "காலேஜ்ல கூப்பிட்டுப் பேசச் சொன்னாங்களா?" என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை போன் வந்ததாம். கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் (NAAC) குழு வருகிறது, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் நகல் அனுப்பு என்று!

மாதம் ஒரு சனிக்கிழமை இப்படி ஒருவரை வகுப்புக்குக் கூப்பிடப் பெரிய செலவு ஆகாது. பழைய மாணவர்களின் நம்பர் இல்லை என்று சொன்னால், பாதிப் பேர் என் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், பிரிண்டுக்கு ஃபைல் அனுப்பியவர்கள்தானே. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நானே தருகிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
கடலூர் மாவட்டம்.