உண்டியலும் உபயமும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஹெலன் கிளார்க், ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்குத் தலைவராகப் போனது பதவி உயர்வா, இறக்கமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் இல்லை, அது வேறு தொழில்.

1981இல் மவுண்ட் ஆல்பர்ட் தொகுதியில் ஜெயித்து நியூசிலாந்து நாடாளுமன்றத்துக்கு வந்தவர். 1999இல் பிரதமரானபோது 120 இடங்களில் லேபர் கட்சிக்கு 49தான். அலையன்ஸ் கட்சியின் 10 பேரைச் சேர்த்து, பசுமைக் கட்சியின் 7 பேர் தயவில் ஆட்சி. தலை எண்ணித்தான் பட்ஜெட்டை நிறைவேற்ற வேண்டும்; ஆனால் நிறைவேறிவிட்டால் கஜானா திறந்துவிடும்.

2009 ஏப்ரலில் ஏற்ற நிர்வாகி பதவியில் (வளர்ச்சித் திட்டத்தின் தலைவருக்கு அதுதான் பெயர்) அந்தக் கஜானா கிடையாது. பொதுச்செயலாளர் பெயர் சொல்ல, பொதுச்சபை உறுதிசெய்யும், நான்காண்டுப் பதவி. மேலே 36 நாடுகளின் நிர்வாகக் குழு. வாக்கெடுப்பு அபூர்வம், எல்லோரும் ஒத்துவரும்வரை பேச்சுதான். கூட்டணி நடத்தியவருக்கு அது கைவந்த கலை.

இடித்தது பணம். உறுப்பு நாடுகள் ஐ.நா.வுக்குக் கட்டும் கட்டாயச் சந்தா இந்த அமைப்புக்கு வராது. வருவதெல்லாம் விரும்பிக் கொடுப்பது. அதிலும் இரண்டு வகை. உண்டியல் காசு மாதிரி எதற்கும் செலவிடக்கூடிய பொது நிதி ஒன்று. மற்றது நம் கோயில் ட்யூப்லைட் உபயம்தான்: பெயர் எழுதியிருக்கும், அந்த விளக்குக்கு மட்டும். 2009இல் பொது நிதி சுமார் 100 கோடி டாலர். 2016இல் 60 கோடியை ஒட்டி இறங்கிவிட்டது. நாடுகள் உபயத்துக்கே சாய்ந்தன. போதாக்குறைக்கு 2014-15இல் டாலர் ஏறியது. யூரோவிலும் குரோனரிலும் சொன்ன தொகையை அப்படியே கொடுத்தாலும் டாலரில் குறைந்தது.

உபயம் கூடினால் வேலையும் கூடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனி அறிக்கை. 2014 முதல் அதற்காக உபயத் தொகையில் 8 சதவீதம் நிர்வாகக் கட்டணமாகப் பிடித்தார்கள். அது போதாத இடத்தில் உண்டியலில்தான் கைவைக்க வேண்டும். அதே ஆண்டு கிளார்க் நியூயார்க் தலைமையகத்தில் ஆட்களைக் குறைத்தார். பிராட்டிஸ்லாவா வட்டார மையம் இஸ்தான்புல்லுக்கும் கெய்ரோ மையம் அம்மானுக்கும் மாறின. செலவைக் குறைக்க அது சரியான வழி என்றுதான் நினைக்கிறேன், உள்ளே முணுமுணுப்பு இருந்தாலும்.

2016இல் பொதுச்செயலாளர் பதவிக்கு நின்றார். நியூசிலாந்து அப்போது பாதுகாப்புச் சபையில் இருந்தும் பலிக்கவில்லை; குட்டெரஸ் வந்தார்.

வளர்ச்சித் திட்டத்தின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால் மொத்தத் தொகையைப் பார்த்து அசந்துவிடாதே. பொது நிதி எவ்வளவு என்ற வரியை முதலில் தேடு.

அன்புடன்,
முருகேசன்