அம்மா பார்த்த இறுதிப் போட்டி

ராயபுரம்,
21 டிசம்பர் 2022

அன்புள்ள மச்சான்,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அர்ஜென்டினா-பிரான்ஸ் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி அன்று, நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் உன் கத்தல் மட்டும்தான் கேட்டது, ஒரு வார்த்தையும் புரியவில்லை. அது போதும், புரிந்துகொண்டேன். ஆட்டம் தொடங்கும்போது டொராண்டோவில் காலை 10 மணி, வெளியே பனி, வீட்டில் நீ ஒருத்தன் மட்டும் என்று நினைக்கும்போது மனசு கஷ்டமாக இருந்தது. இங்கே நம் வீட்டுக் கூடத்தில் 17 பேர். அதை முழுசாகச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும்.

1990 உலகக் கோப்பை இறுதிப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? தெருமுனை மாமா வீட்டு சாலிடேர் டிவி, ராத்திரி பதினொன்றரை மணி, வாசல்படி வரைக்கும் கூட்டம். 85ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் பிரேமே பெனால்டி அடித்தார், அர்ஜென்டினா தோற்றது, கடைசியில் மாரடோனா அழுதார், நாமும் அழுதோம். அந்த ராத்திரியில் உன் அம்மா, என் அம்மா, அந்த வீட்டு அத்தை மூன்று பேரும் எங்கே இருந்தார்கள் என்று நீ யோசித்திருக்கிறாயா? சமையலறையில். சுண்டல் தாளித்து, டீ போட்டு, தட்டு கழுவிக்கொண்டு இருந்தார்கள். சத்தத்தை வைத்துத்தான் ஆட்டம் என்ன ஆச்சு என்று தெரிந்துகொண்டார்கள். இத்தனை வருஷமும் நம் வீடுகளில் அப்படித்தான். இந்த இறுதிப் போட்டியை வீட்டில் வைக்கலாம் என்று முடிவு செய்தபோது முதலில் அதைத்தான் மாற்ற நினைத்தேன். எட்டரை மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது அடுப்படியில் அம்மாவும் இருக்கக்கூடாது, என் மனைவியும் இருக்கக்கூடாது. இருவருக்கும் முன்வரிசை.

அதனால் சாப்பாட்டை யோசித்து வைத்தேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கையால் எடுத்துச் சாப்பிடுகிற பொருளாக இருக்க வேண்டும், ஆறினாலும் ருசி கெடக்கூடாது. மாண்டஸ் புயல் போய் ஒன்பதாம் நாள், மீன் விலை இன்னும் இறங்கவில்லை. விடியற்காலையில் காசிமேடு போய் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு நெத்திலிக்கு வந்துவிட்டேன். சரி, அதுவே நல்லதாகப் போயிற்று. மட்டன் சுக்காவை மதியமே முடித்தாயிற்று, மச்சினன் கிண்டியது. சுக்கா மாலையில் இன்னும் நன்றாக ஊறியிருக்கும். இடைவேளைக்கு அத்தோ, நம் வடசென்னை பர்மா நூடுல்ஸ். நம் பழைய அத்தோ கடைக்காரரிடம் நூடுல்ஸும் மொறுமொறு பேஜோவும் தனித்தனியாக வாங்கி வந்து, முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் பெரிய பேசினில் தயாராக வைத்திருந்தேன். முன்கூட்டியே பிசைந்தால் பேஜோ நமுத்துவிடும். 15 நிமிட இடைவேளையில் கையால் பிசைந்து பாக்குமட்டைத் தட்டில் போட்டுக் கொடுத்தேன். எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டாம் பாதி தொடங்கியது.

அப்புறம் ஒயின். நம் எதிர்வீட்டு ஆன்ட்டி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போடுவாரே, அதேதான். இந்த வருஷம் தீபாவளி முடிந்த மறுவாரம் ஜாடி வைத்தார், நான் கூட இருந்து பார்த்தேன். கம்பத்துப் பன்னீர் திராட்சையைக் கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துணியில் உலர்த்தினார். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடுமாம். கையாலேயே மசித்து, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, கிராம்பு, பட்டை போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டினார். 21 நாள், தினமும் அதே நேரத்தில் மரக்கரண்டியால் கிளறினார். வடிகட்டிய பிறகு கொஞ்சம் சர்க்கரையைக் கருக்கி ஊற்றினார், நிறத்துக்கு. அவ்வளவு பாடுபட்டதில் இரண்டு பாட்டிலை கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே எங்களுக்காகத் திறந்தார். சிறிய கண்ணாடி டம்ளரில் ஊற்றும்போதே கிராம்பு வாசனை கூடம் முழுக்க வந்தது. பசங்களுக்குப் பன்னீர் சோடா.

ஒன்று கவனித்தேன். மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டுப் பொரித்த நெத்திலிக்கு அந்த இனிப்பு ஒயின் அருமையாகச் சேர்ந்தது, காரத்தை நாக்கிலிருந்து மெதுவாக இறக்கியது. நம் பெரம்பூர் தோழன் நாசிக் சிவப்பு ஒயின் ஒன்று கொண்டுவந்தான். அது துவர்ப்பு. மீனோடு குடித்தபோது வாயில் இரும்பைக் கடித்த மாதிரி இருந்தது, சுக்காவோடு குடித்தால் அதே ஒயின் வேறு மாதிரி. அத்தோவுக்கு எதுவும் சேரவில்லை, அதில் இருக்கும் புளியே போதும். ஒயின் வைத்ததில் எனக்குப் பிடித்தது அதை யாரும் அவசரமாகக் குடிக்கவில்லை என்பதுதான். ஒரு டம்ளர் ஒரு பாதி ஆட்டத்துக்கு வந்தது. கடைசிவரை எல்லோரும் தெளிவாக ஆட்டம் பார்த்தார்கள்.

டிவி பற்றியும் சொல்ல வேண்டும். வியாசர்பாடியில் கால்பந்துப் பயிற்சிக்குப் போகும் அக்கா மகன் புரொஜெக்டர் வைத்துச் சுவரில் போடலாம் என்றான். அரையிறுதி அன்று முயன்று பார்த்தோம். நெட்டில் வரும் படம் கேபிளைவிடப் பின்தங்கித்தான் வருகிறது. இங்கே பந்து இன்னும் நடுக்கோட்டில் இருக்கிறது, பக்கத்துத் தெருவில் கோல் என்று கத்திவிட்டார்கள். அதற்குமேல் என்ன பார்ப்பது? மச்சினன் வீட்டு 43 இஞ்ச் டிவியை ஆட்டோவில் கொண்டுவந்து கேபிளில் மாட்டினோம். சின்னப் படம்தான், ஆனால் ஊரோடு சேர்ந்து கத்தலாம்.

அக்கா மகன் அர்ஜென்டினா ஜெர்சியில் வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். ஆஃப்சைடு என்றால் என்ன என்று தீப்பெட்டிகளை அடுக்கிச் சொல்லிக்கொடுத்தான். அம்மாவுக்கு 72 வயது, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். இந்த சீசனில் ஒடிசா கால்பந்து அணிக்கு ஆடும் நந்தகுமார் வியாசர்பாடிப் பையன்தான் என்று அவன் சொன்னதும், “நம்ம பக்கத்துப் புள்ளையா!” என்று இரண்டு முறை கேட்டார்.

23ஆவது நிமிடம் மெஸ்ஸியின் பெனால்டி. அம்மா கைதட்டினார், அவ்வளவுதான். 36ஆவது நிமிடம் வந்தது பார், அந்தக் கோல். மெஸ்ஸி தட்டிவிட்டது, ஆல்வாரஸ், மக் அலிஸ்டர், கடைசியில் டி மரியா. கூடமே எழுந்து குதித்தது. அம்மா மட்டும் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கோல் போட்டவன் ஏன்டா அழறான்?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. 32 வருஷம் முன்பு மாரடோனா அழுததை அவர் நம் வாயால்தான் கேட்டார். இந்த அழுகையைத் தன் கண்ணால் பார்த்தார்.

79ஆவது நிமிடம். 2-0, இனி என்ன ஆகப்போகிறது என்று மீதி நெத்திலியைப் பொரிக்க நான் உள்ளே போனேன். எண்ணெயில் முதல் கைப்பிடி போட்டதும் கூடத்தில் ஒரு முனகல். பிரான்ஸின் எம்பாப்பே பெனால்டி. திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொரு அலறல். இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல், மச்சான், இரண்டையும் நான் காதால்தான் கேட்டேன். கரண்டியோடு நின்றேன். இத்தனை வருஷம் அம்மா கேட்டது இந்தச் சத்தத்தைத்தானே என்று அந்த இடத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மா உள்ளே வந்து, பேசாமல் அடுப்பை அணைத்து, என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அதற்குப் பிறகு யாரும் எதையும் தொடவில்லை. ஊற்றிய ஒயின் ஊற்றியபடி இருந்தது. 108இல் மெஸ்ஸி, 118இல் மறுபடி எம்பாப்பே, 3-3. கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோலோ முவானி அடித்த பந்தை நம் கோல்கீப்பர் மார்டினஸ் காலை நீட்டித் தடுத்தாரே, அப்போது ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார். பெனால்டி ஷூட்அவுட்டில் மோன்டியெல் அடித்து அர்ஜென்டினா ஜெயித்ததும் தெருவில் வெடிச்சத்தம். கீழே இறங்கிப் போனோம், அம்மாவும் படியிறங்கி வந்தார். கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்குகளுக்குக் கீழே தெரியாத பசங்களெல்லாம் கட்டிப்பிடித்தார்கள்.

ஆன்ட்டி உனக்கென்று ஒரு சிறிய பாட்டிலுக்கு மெழுகு வைத்து அடைத்து எடுத்து வைத்திருக்கிறார். வருஷம் ஆக ஆக நன்றாகும் என்கிறார், நீ எப்போது வந்தாலும் இருக்கும்.

அடுத்த உலகக் கோப்பை எப்போது என்று அம்மா நேற்றுக் கேட்டார். 2026இல், உன் டொராண்டோவிலும் ஆட்டம் நடக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவன் வீட்டுக் கூடத்துல எத்தனை பேர் உட்காரலாம்னு எழுதிக் கேளு” என்றார். கேட்டுவிட்டேன். பதில் போடு.

உன் பழைய கோல்கீப்பர்