அலுவலகம் பூட்டிக் கிடக்க, காலக்கெடு ஓடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 24ஆம் தேதி தொடங்கி ஐந்து நாட்கள் தாய்லாந்து - கம்போடியா எல்லையில் சண்டை நடந்தபோது, பீரங்கித் தாக்குதல் பற்றிய செய்திகளும், எல்லை மாகாணங்களுக்குச் செல்ல வேண்டாம் என்ற இந்தியத் தூதரகத்தின் அறிவுரையும் நம் நாளேடுகளில் வெளியாயின. அவை தேவையானவைதான். ஆனால் பாங்காக்கில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன், நவரத்தின வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கு வழக்கோடு வெளிநாட்டு ஊழியர்களின் விசாக் காகிதங்களையும் கவனித்து வந்தவன் என்ற முறையில், அத்தகைய செய்திகளில் எப்போதும் விடுபட்டுப் போகும் ஒரு விஷயத்தைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கலவர காலத்தில் அயல்நாட்டில் இருக்கும் நம்மவர்களில் பெரும்பாலானோரை வாட்டுவது குண்டுவீச்சு பற்றிய அச்சத்தைவிட, கடவுச்சீட்டில் குத்தப்பட்டிருக்கும் தேதிதான்.

1990இல் குவைத்திலும், 2015இல் ஏமனிலும், 2023இல் சூடானிலும் நேர்ந்ததுபோல், அரசே விமானமும் கப்பலும் அனுப்பி மக்களை மொத்தமாக மீட்க வேண்டிய நிலை தாய்லாந்தில் வந்ததில்லை. அங்கு வந்தது வேறு வகை. 2006இல் ராணுவப் புரட்சி, 2008 இறுதியில் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலைய முற்றுகை, 2010இல் தொண்ணூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட, பாங்காக்கின் ராச்சபிரசோங் சந்திப்பை மையமாகக் கொண்ட மோதல்கள், 2013-14இல் மாதக்கணக்கில் நீண்ட தெருப் போராட்டம், அதன் முடிவில் 2014 மே 22இல் மீண்டும் ராணுவ ஆட்சி என்று, நாடு உடையவும் இல்லை, அமைதியாக இருக்கவும் இல்லை. கடைகள் திறந்திருக்கும், மேம்பால ரயில் ஓடும், அலுவலகத்துக்கு வரச் சொல்லித் தொலைபேசி அழைப்பும் வரும். நம் ஊர்த் தொலைக்காட்சியில் மட்டும் எரியும் டயர்கள் திரும்பத் திரும்பத் தெரியும். இந்த இடைப்பட்ட நிலைக்கென்று எந்த அரசிடமும் ஒரு திட்டம் இருப்பதாக நான் அறிந்ததில்லை.

2014 ஜனவரி 13ஆம் தேதி போராட்டக்காரர்கள் "பாங்காக் முடக்கம்" என்று அறிவித்து, நகரின் முக்கியச் சந்திப்புகளில் மேடை போட்டு அமர்ந்தார்கள். அந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், வெளிநாட்டு ஊழியன் ஒருவனின் ஓராண்டுக் காகித வேலைகள் அனைத்தும் அவற்றைச் சுற்றியே அமைந்திருப்பது விளங்கும். குடியேற்றத் துறையின் பாங்காக் அலுவலகம் இருப்பது சேங் வத்தனா அரசு வளாகத்தில்; அங்கு ஒரு மேடை. இந்தியத் தூதரகம் இருப்பது அசோக் சந்திப்புக்கு நடந்து செல்லும் தூரத்தில். அங்கும் ஒரு மேடை. வேலை அனுமதி வழங்கும் தொழிலாளர் அமைச்சகம் தின் தேங் பகுதியில் இருக்கிறது; அதை அடுத்துள்ள விளையாட்டரங்கில்தான் அதற்கு முந்தைய டிசம்பர் 26ஆம் தேதி பொதுத் தேர்தலுக்கான வேட்பாளர் பதிவைத் தடுக்க முயன்ற கூட்டத்துக்கும் காவல்துறைக்கும் கடும் மோதல் நடந்தது. இதில் தற்செயல் அதிகம் இல்லை. அரசை எதிர்ப்பவர்கள் அரசு அலுவலகங்களைத்தான் முற்றுகையிடுவார்கள். உள்நாட்டுக் குடிமகன் பல மாதங்கள் எந்த அரசு அலுவலகப் படியும் ஏறாமல் காலம் கழித்துவிடலாம். அயல்நாட்டான் அவ்வாறு கழிக்க முடியாது.

அவன் ஏற வேண்டிய படிகள் எவை என்பதை ஊரில் இருப்பவர்கள் அறிய வாய்ப்பில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வேலை விசாவில் நுழைபவருக்கு முதலில் தொண்ணூறு நாட்கள் தங்க அனுமதி கிடைக்கும். அதற்குள் வேலை அனுமதி பெற்று, தங்கும் காலத்தை ஓராண்டுக்கு நீட்டித்துக்கொள்ள வேண்டும். அதற்கான கட்டணம் 1,900 பாட் (தாய்லாந்து நாணயம்) மட்டுமே. ஆனால் நிறுவனத்தின் பதிவுச் சான்று, வரிக் கணக்கு, சமூகக் காப்பீட்டுப் பட்டியல், அலுவலகத்துக்குச் செல்லும் வழியின் வரைபடம், ஊழியர்கள் வேலை செய்யும் புகைப்படம் என்று கோப்பு ஒன்று தடிமனாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு நகலிலும் கையொப்பம் வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகும் தொண்ணூறு நாட்களுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். உரிய தேதிக்குப் பதினைந்து நாட்கள் முன்பும் ஏழு நாட்கள் பின்பும் சலுகை உண்டு, அதைத் தாண்டினால் 2,000 பாட் அபராதம். வீட்டு உரிமையாளர் தம் வீட்டில் அயல்நாட்டவர் தங்கியிருப்பதை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்; அவர் அறிவிக்காவிட்டாலும் குடியேற்ற அலுவலக முகப்பில் கேள்வி கேட்கப்படுவது வாடகைக்கு இருப்பவர்தான். அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், உச்சவரம்பு 20,000 பாட். 2016 மார்ச்சுக்குப் பிறகு நீண்ட நாள் கூடுதலாகத் தங்கியவரை அபராதத்தோடு விடுவதில்லை. தொண்ணூறு நாட்களுக்கு மேல் கூடுதலாகத் தங்கியவர் தாமே சரணடைந்தாலும் குறைந்தது ஓராண்டு நுழைவுத் தடை. அதிகாரிகளிடம் பிடிபட்டால் குறைந்தது ஐந்தாண்டு.

சேங் வத்தனா முற்றுகையின்போது குடியேற்றத் துறை தன் பணியை நிறுத்திவிடவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பேரங்காடி ஒன்றின் மாடி உள்ளிட்ட மாற்று இடங்களில் மேசை போட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அலுவலர்கள் வழக்கமான பொறுமையோடுதான் நடந்துகொண்டார்கள். சிக்கல் என்னவெனில், எந்த வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்பது தாய்லாந்து மொழியில் அறிவிக்கப்பட்டு, ஆங்கிலத்தில் பாதியாகக் கசிந்து, தமிழரிடம் வாய்வழி வந்து சேர்வதற்குள் மாறியும்விடும். கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்துக்குப் போய், வேறிடம் என்று அறிந்து, மறியலைச் சுற்றி மோட்டார்சைக்கிள் டாக்சியில் அங்கு போய்ச் சேர்வதற்குள் வரிசை எண் கொடுத்து முடித்திருப்பார்கள். இடம் மாறியது, தேதி மாறவில்லை.

இத்தகைய நேரத்தில் ஊரிலிருந்து வரும் தொலைபேசியில் அம்மாவும் மாமாவும் சொல்வது ஒன்றே ஒன்று: "வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், உடனே கிளம்பி வா." அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆயினும், ரீ-என்ட்ரி என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் மறுநுழைவு அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால், அரும்பாடுபட்டு வாங்கிய ஓராண்டு நீட்டிப்பு அந்தக் கணமே செத்துப்போகும். திரும்பி வர விரும்பினால் புது விசா, புதுக் கோப்பு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த அனுமதிக்கு ஒருமுறைப் பயணமென்றால் 1,000 பாட், பலமுறைப் பயணமென்றால் 3,800 பாட். குடும்பத்தோடு இருப்பவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியே வாங்க வேண்டும். 2008 நவம்பர் 25 முதல் டிசம்பர் 3 வரை விமான நிலையமே முற்றுகையில் இருந்தபோது, கையில் எல்லா அனுமதியும் வைத்திருந்தவர்களுக்கும் கிளம்பி வர வழி இருக்கவில்லை என்பது வேறு.

வேலையே போய்விட்டால் நிலைமை இன்னும் நுட்பமானது. ஒரு வெளிநாட்டவருக்கு நீட்டிப்புக் கேட்கும் சாதாரண நிறுவனம் இருபது லட்சம் பாட் மூலதனத்தையும் நான்கு தாய்லாந்து ஊழியர்களையும் காட்ட வேண்டும் என்பது விதி. பாங்காக்கின் சீலோம், மகேசக் சாலைப் பகுதிகளில் கீழக்கரை, காயல்பட்டினத்துக்காரர்கள் உட்படப் பலர் நடத்தும் நவரத்தின வணிகம் வெளியூர்க் கொள்முதலாளர்களை நம்பியது. தெருவில் கையெறி குண்டு வெடிக்கிறது என்று கேள்விப்பட்டால் அவர்கள் ஹாங்காங்கிலோ ஜெய்ப்பூரிலோ சரக்கு எடுத்துக்கொள்வார்கள். விற்பனை படுத்ததும் முதலாளி தாய்லாந்து ஊழியர் இருவரை வீட்டுக்கு அனுப்புவார்; உடனே நான்குக்கு ஒன்று என்ற கணக்கு உடையும்; கடையில் வேலை இருந்தும் தமிழ்நாட்டு ஊழியரின் நீட்டிப்பு நின்றுபோகும். சந்திப்பில் மேடை போட்டவர்களுக்கும், மேடையைக் கலைக்க வந்தவர்களுக்கும், இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

அவரும் வாய் திறக்க முடியாது. அந்தக் காலத்தில் நாங்கள் சிவப்புச் சட்டையும் மஞ்சள் சட்டையும் அணியாமல் வெளியே போகப் பழகியிருந்தோம். எது எந்தக் கட்சிக்குரிய நிறம் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. சீலோமில் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் தாய்லாந்து மக்களும் திரளாக வழிபடுவார்கள். அங்குகூட அரசியல் பேச்சு எழுந்தால் நம்மவர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். இது வெறும் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்நாட்டில் வாழ்ந்து, தாய் - இந்திய வணிகச் சங்கத்தின் தலைவராகவும் இருந்த சதீஷ் சேகல், போராட்டத்தில் பங்கேற்றார் என்பதற்காக 2014 பிப்ரவரியில் அவரை நாடு கடத்த உத்தரவு பிறந்தது. அத்தனை செல்வாக்கு உடையவருக்கே அந்த நிலை என்றால், மாதச் சம்பளக்காரர் வேறென்ன செய்வார்?

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் தெரு அமைதியானது. இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை இருந்த ஊரடங்கு சில நாட்களில் தளர்ந்து, ஜூன் நடுவில் முற்றிலும் நீங்கியது. எங்களில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நானும் அதில் சேர்ந்தவன்தான். ஆனால் ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆட்சி காகிதத்திலும் ஒழுங்கைத் தேடியது. எல்லை வரை போய் முத்திரை குத்திக்கொண்டு அன்றே திரும்பும் 'விசா ரன்' வழக்கத்தை அந்த ஆகஸ்டு முதல் கடுமையாக நிறுத்தினார்கள். அது சட்டப்படி சரியே. எனினும் சுற்றுலா அனுமதியிலேயே சமையலும் கடை வேலையும் பார்த்துக் காலம் தள்ளியவர்கள், கலவரத்தில் பிழைத்துக் கலவரம் ஓய்ந்த பிறகு நாடு திரும்ப நேர்ந்தது.

காலக்கெடுவை நிறுத்திவைக்க இயலாது என்று எவரேனும் சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். 2020இல் கொரோனா பரவியபோது, மார்ச் 26க்குப் பிறகு அனுமதி முடிந்த அயல்நாட்டவர் அனைவருக்கும் தாய்லாந்து அரசு தானாகவே நீட்டிப்பு அளித்தது. முதலில் ஏப்ரல் இறுதி, பிறகு ஜூலை இறுதி, அதன் பிறகு செப்டம்பர் 26 வரை. தொண்ணூறு நாள் முகவரி அறிக்கையும் அந்த நாட்களில் தேவைப்படவில்லை. குடியேற்ற அலுவலகத்தில் முண்டியடித்த கூட்டம் அந்த அறிவிப்புக்குப் பிறகு கரைந்துபோனது. நோய்க்குச் செய்ய முடிந்ததை முற்றுகைக்கும் செய்யலாம். அலுவலகம் இயங்காத நாட்களைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவது அப்படியொன்றும் பெரிய சலுகை இல்லை. இதைக் கேட்க நமக்கு முழுத் தகுதி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி; நம் நாட்டில் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் காத்திருக்கும் ஒரு தாய்லாந்து மாணவரைக் கேட்டால் அவரும் நீண்ட கதை சொல்லக்கூடும்.

2022இல் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களின் கதையும் இதோடு சேர்ந்ததே. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்றவர்கள் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டார்கள்; அங்கிருந்து மீண்டு தாய்லாந்தின் எல்லை நகரான மே சோட் வந்து சேர்ந்தவர்களைத் தாய்லாந்துக் காவல்துறை சட்டவிரோத நுழைவுக்காகத் தடுத்துவைத்தது. அடைத்து வைத்தவர்களிடமிருந்து தப்பிய பிறகும், உள்ளே வந்ததற்கு முத்திரை இல்லையே என்ற குற்றம் மிஞ்சி நின்றது. இந்தியர்கள் விசா இல்லாமலே அறுபது நாட்கள் தங்கலாம் என்று 2024 ஜூலையில் வந்த அறிவிப்பு சுற்றுலாப் பயணிக்கு நல்லதாகவே இருந்தது. வேலை தேடிப் போகும் இளைஞருக்கு அத்தகைய அனுமதி விரித்த வலையாகவும் ஆகலாம், ஏனெனில் அதில் வேலை செய்யும் உரிமை இல்லை.

ஆகவே, அயல்நாட்டில் அமைதியின்மை பற்றிய செய்தியை வெளியிடும்போது, தூதரகத்தின் அவசர எண்ணோடு, குடியேற்ற அலுவலகம் இயங்குகிறதா, எங்கே இயங்குகிறது, காலக்கெடு நீட்டிக்கப்பட்டுள்ளதா, வெளியேறுபவர் என்ன அனுமதி பெற வேண்டும் என்ற நான்கு வரிகளையும் தங்கள் நாளேடு சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித் துறையை வைத்து, ஜனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் தினமாகவும் கொண்டாடும் தமிழ்நாடு அரசு, விழா மேடையோடு நிற்காமல், ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு மொழி அறிந்த தமிழர் ஒருவரையாவது இப்பணிக்கு அடையாளம் கண்டு, அங்குள்ள அறிவிப்புகளை அன்றன்றே தமிழில் தர ஏற்பாடு செய்யலாம். தாய்லாந்து, மலேசியா உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் குறிப்பிட்ட பிரிவினர் நம் நாட்டிலேயே குடிபெயர்வு அனுமதி பெற்றுத்தான் புறப்பட வேண்டும் என்ற விதி உண்டு. அந்த அனுமதியை வழங்கும் சென்னை அலுவலகத்திலேயே, அவர் செல்லும் நாட்டின் மறுநுழைவு விதியையும் அறிக்கைத் தேதிகளையும் தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தனுப்புவதற்குப் பெரிய செலவு ஆகாது. கலவர நாட்களைக் கழித்துக் கணக்கிடுமாறு அந்தந்த நாட்டு அரசுகளிடம் பேச வேண்டியது வெளியுறவுத் துறை அமைச்சகத்தின் வேலை; நம் நாடாளுமன்ற உறுப்பினர்களில் எவரேனும் அடுத்த கூட்டத்தொடரில் அதை ஒரு கேள்வியாக எழுப்பினால், குறைந்தபட்சம் எழுத்து மூலமான ஒரு பதிலாவது கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி